கிடார் உறுமினால் எர்த் வயரை வெட்டாதீங்க!



செமஸ்டர் பரிட்சை முடிஞ்சாச்சு. காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரைப் பற்றி யாரும் கேட்காதீங்க, ப்ளீஸ். இன்றைக்கு வேற மேட்டர்.

ஹம்மிங் என்றால் நம்மில் பலருக்கு ஜானகியம்மா குரல்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, எலெக்ட்ரிக் கிடார் வாங்குகிற வரைக்கும். வாங்கின பிறகு தெரிந்தது, இன்னொரு ஹம்மிங் இருக்கிறது என்று. ஆம்ப்பை ஆன் செய்ததும் பாட்டுக்கு முன்னாடியே "ம்ம்ம்ம்ம்ம்" என்று ஒரு உறுமல். வாசித்தால் பின்னாடி ஒளிந்துகொள்ளும். நிறுத்தினால் மறுபடி வந்து நிற்கும்.

அந்த உறுமலை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதையும், அதற்கு முன்னாடி நான் செய்த ஒரு மகா முட்டாள்தனத்தையும் சொல்லப் போகிறேன். நான் பி.காம். படிப்பவன், எலெக்ட்ரிகல் இன்ஜினியர் இல்லை. ஆனால் ஒரு இன்ஜினியரிங் மாணவன் செய்யக்கூடாத தப்பையும் சேர்த்துச் செய்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

சொந்தக் கதை, சோகக் கதை

நாங்கள் நாலு பேர். திருச்சியில், நண்பன் வீட்டு மாடி ரூம்தான் எங்கள் ஸ்டுடியோ. என்னிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கின ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி ஒரு கிடார், அதைவிடப் பழைய ஆம்ப். பாடுகிறவனுக்கு ஒரு மைக், அது ஒரு பவர்டு மிக்ஸரில் போகும். பாட்டை ரெக்கார்ட் செய்யலாமே என்று ஆம்ப்பின் பின்பக்க லைன் அவுட்டிலிருந்து ஒரு கேபிளை மிக்ஸருக்கு இழுத்தோம். அன்றைக்கு ஆரம்பித்தது உறுமல்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள்.

கடைக்கார அண்ணன்: "தம்பி, பிக்கப் மாத்திடுங்க. ஹம்பக்கர் போட்டா சத்தமே இருக்காது. எட்டாயிரம் ஆகும்."

எங்கள் ட்ரம்ஸ்காரன்: "மச்சி, நாய்ஸ் கேட் பெடல் ஒண்ணு வாங்கிடுடா. ஐயாயிரம்தான்."

எங்களுக்கு எப்போதோ மேடையில் சவுண்டு வைத்த ஒரு அண்ணன்: "இதுக்கெல்லாம் எதுக்குடா காசு? ஆம்ப் ப்ளக்ல எர்த் வயரைக் கழட்டி விடு. எல்லாரும் அதான் பண்றாங்க."

காசில்லாத மாணவன் எந்த வைத்தியத்தைத் தேர்ந்தெடுப்பான்? ப்ளக்கைத் திறந்தேன், பச்சை வயரை வெட்டினேன், டேப் சுற்றினேன், மூடினேன். ஆன் செய்தால்... நிசப்தம்! அன்றைக்கு நான்தான் ஹீரோ. டீ செலவுகூட அவர்களுடையது.

மூன்று வாரம் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஒரு நாள் ரெக்கார்டிங் வேண்டாம், சும்மா பிராக்டிஸ்தான் என்று மிக்ஸருக்குப் போகிற லைன் அவுட் கேபிளைக் கழட்டி வைத்திருந்தோம். பாடுகிறவன் "ஒரு நிமிஷம் கொடுடா" என்று என் கிடாரை வாங்கி மாட்டிக்கொண்டு, கம்பியில் கை வைத்தபடி மைக்கில் வாயை வைத்தான்.

"ஆ!" என்று ஒரு சத்தம். மைக் ஸ்டாண்டு விழுந்தது. அவன் உதட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நல்லவேளை, அவ்வளவுதான். அரை மணி நேரம் உதடு மரத்துப் போயிருந்தது. பிறகு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று இரவு தூக்கமும் வரவில்லை. வெட்டினது நான், வாங்கினது அவன்.

என்னதான் நடந்தது?

மறுநாள் தெருவில் வேலை செய்கிற எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு வந்தோம். ஆம்ப்பின் இரும்புப் பெட்டியில் டெஸ்டரை வைத்தார். பளிச் என்று எரிந்தது. "ட்ரான்ஸ்ஃபார்மர் பழசு, கரண்ட் கசியுது. எர்த் இருந்தா அது பாட்டுக்கு பூமிக்குப் போயிருக்கும். அத யாருப்பா வெட்டுனது?" நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிடார் கம்பிகள், பிரிட்ஜ் வழியாக கேபிளின் ஷீல்டோடு சேர்ந்திருக்கும். ஷீல்டு ஆம்ப்பின் இரும்புப் பெட்டியோடு சேர்ந்திருக்கும். அதாவது கம்பியைத் தொடுவதும் ஆம்ப்பின் பெட்டியைத் தொடுவதும் ஒன்றுதான். மைக்கின் உலோக மூடியோ மிக்ஸர் வழியாக ஒழுங்காக எர்த் ஆகியிருந்தது. கையில் கசிகிற கரண்ட், உதட்டில் எர்த். நடுவில் என் நண்பன்.

அப்படியென்றால் அந்த மூன்று வாரம் ஏன் ஒன்றும் ஆகவில்லை? லைன் அவுட் கேபிளின் மெல்லிய ஷீல்டுதான் அதுவரை ஆம்ப்புக்கு எர்த்தாக இருந்திருக்கிறது! கசிகிற கரண்ட் அது வழியாக மிக்ஸருக்குப் போய், மிக்ஸரின் எர்த்தில் இறங்கியிருக்கிறது. அந்தக் கேபிளைக் கழட்டியதும் அதுவும் போச்சு. அதாவது நாங்கள் அத்தனை நாளும் ஒரு பாட்டு கேபிளை நம்பி உயிரோடு இருந்திருக்கிறோம்.

இருப்பாய்வு டேலி ஆகவில்லை என்றால் என்ன செய்வோம்?

எர்த்தைத் திரும்பக் கொடுத்தோம். புது மூன்று பின் ப்ளக். மெக்கானிக்கிடம் கொடுத்து ட்ரான்ஸ்ஃபார்மர் மாற்றியாச்சு. ஆம்ப் வந்தது. கூடவே பழைய உறுமலும் வந்தது.

இப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. பிளஸ் ஒன்னிலிருந்து நமக்குச் சொல்லிக் கொடுப்பதே இதைத்தானே? இருப்பாய்வில் பற்றும் வரவும் சமமாகவில்லை என்றால் புது நோட்டு வாங்க மாட்டோம், தேடுவோம். முதலில் கூட்டலைச் சரிபார்ப்போம். வித்தியாசத்தை இரண்டால் வகுத்து, அந்தத் தொகை பக்கம் மாறி எழுதப்பட்டதா என்று பார்ப்போம். ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியதா என்று பார்ப்போம். தேடச் சோம்பல் பட்டால், வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டுத் தூங்கப் போவோம். அங்கே போட்டால் இருப்பாய்வு டேலி ஆகும், ஆனால் பிழை அப்படியே இருக்கும்.

நாய்ஸ் கேட் பெடல் என்பது அச்சு அசல் அனாமத்துக் கணக்கு. வாசிக்காதபோது கதவை மூடிவிடும், உறுமல் கேட்காது. வாசிக்க ஆரம்பித்ததும் கதவு திறக்கும், பாட்டோடு சேர்ந்து உறுமலும் வெளியே வரும். நல்ல கருவிதான், அதிக டிஸ்டார்ஷனில் வாசிப்பவர்களுக்குத் தேவையும்தான். ஆனால் அது பிழையைத் திருத்துவதில்லை.

சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். செலவு: ஆறு டீ. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றினதை நோட்டில் எழுதுவது. இவ்வளவுதான் விதி.

ஒன்று: ஆம்ப் மட்டும். எல்லா கேபிளையும் கழட்டிவிட்டு ஆம்ப்பை ஆன் செய்யுங்கள். உறுமல் இருந்தால் தப்பு ஆம்ப்புக்குள்ளேயே. பெரும்பாலும் பவர் சப்ளையில் இருக்கிற ஃபில்டர் கண்டன்சர் காய்ந்து போயிருக்கும். எங்களுடையது அமைதியாக இருந்தது.

இரண்டு: லைன் அவுட். மிக்ஸருக்குப் போகிற கேபிளை மட்டும் மாட்டினோம். "ம்ம்ம்ம்ம்". ஆகா, மாட்டினான் திருடன்! இதற்குப் பெயர் கிரவுண்டு லூப். ஆம்ப் ஒரு சுவர் ப்ளக்கில் எர்த் ஆகியிருக்கிறது, மிக்ஸர் எதிர்ச் சுவரில் எர்த் ஆகியிருக்கிறது, நடுவில் கேபிளின் ஷீல்டு. மூன்றும் சேர்ந்து ஒரு பெரிய வளையம். சுற்றிலும் ஓடுகிற 50 ஹெர்ட்ஸ் கரண்ட் அந்த வளையத்திலும் கொஞ்சம் ஓடும், அது ஒலியோடு கலக்கும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினோம், வளையம் சின்னதானது, முக்கால்வாசி உறுமல் போச்சு. மீதிக்கு, நடுவில் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள ஒரு டி.ஐ. பாக்ஸ் வைத்தோம். ஒலி போகும், ஷீல்டு இணைப்பு போகாது. சுத்தமாக நின்றது.

மூன்று: கிடார், வால்யூம் பூஜ்யத்தில். இப்போதும் சத்தம் வந்தால் கேபிள். என் கேபிளை ஜாக் அருகே ஆட்டினால் "கர்ர்ர்" என்றது. திறந்து பார்த்தால் ஷீல்டு ஒரு நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பொட்டு ஈயம் வைத்ததும் சரி.

நான்கு: வால்யூமை ஏற்றுங்கள். இப்போது வருவது கிடார் வாங்குகிற சத்தம். கிடாரை மாட்டியபடி மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். ஒரு திசையில் உறுமல் கூடும், இன்னொரு திசையில் ஏறக்குறைய காணாமல் போகும். அப்படியானால் பிக்கப் ஏதோ ஒரு காந்தப் புலத்தைப் பிடிக்கிறது. எங்கள் விஷயத்தில் அது ஆம்ப்பின் ட்ரான்ஸ்ஃபார்மரே. ஆம்ப் மேலேயே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மீட்டர் தள்ளிப் போனேன், குறைந்தது.

ஐந்து: ரூமில் ஒவ்வொன்றாக அணையுங்கள். பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டை அணைத்ததும் கொஞ்சம் குறைந்தது. ஃபேனின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரை நடுவில் வைத்தால் "கிர்ர்ர்", முழு வேகத்தில் வைத்தால் அமைதி. இன்வெர்ட்டர் உள்ளவர்களுக்கு ஒரு தகவல்: ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால், கரண்ட் போனதும் ஆம்ப் தேனீக் கூடு ஆகிவிடும். அதற்குக் கிடாரைத் திட்டாதீங்க.

உறுமலுக்கும் சுருதி உண்டு

இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். கிடாரில் ஆறாவது கம்பி, மூன்றாவது ஃப்ரெட்டை வாசியுங்கள். அது ஜி, 98 ஹெர்ட்ஸ். உறுமல் அதைவிட ஒரு இழை மேலே இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ்: ஆம்ப்புக்குள் ஏசி டிசியாக மாறும்போது சரியாக வடிகட்டப்படாத மிச்சம். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, பேஸ் கிடாரின் மூன்றாவது ஃப்ரெட் பக்கத்தில் இருந்தால் 50 ஹெர்ட்ஸ்: பெரும்பாலும் வெளியிலிருந்தோ கிரவுண்டு லூப்பிலிருந்தோ வருவது. அமெரிக்க வீடியோக்களில் 60, 120 என்று சொல்வார்கள், குழம்ப வேண்டாம். அது அவர்கள் ஊர் கரண்ட். காது இருக்கிற எவனும் மீட்டர் இல்லாமலே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வரும். "கம்பியைத் தொட்டா சத்தம் குறையுது, அப்போ எர்த் தப்பா?" இல்லை. அது சரியாக வயரிங் செய்த கிடாரின் லட்சணம். நம் உடம்பே ஒரு ஆன்டெனா. கம்பியைத் தொட்டதும் அது ஷீல்டோடு சேர்ந்துவிடுகிறது. தொட்டால் சத்தம் கூடினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்போ ஹம்பக்கர் ஏமாற்றா?

சத்தியமாக இல்லை. அது ஒரு அழகான கண்டுபிடிப்பு. சிங்கிள் காயில் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியது. கிடார் கம்பியின் அசைவையும் பிடிக்கும், பக்கத்து ட்ரான்ஸ்ஃபார்மரின் உறுமலையும் பிடிக்கும். கிப்ஸன் கம்பெனியில் வேலை பார்த்த செத் லவர் 1955-இல் இதற்கு ஒரு வழிக்கு பேட்டன்ட் கேட்டார், 1959-இல் கிடைத்தது. இரண்டு காயில், ஒன்றுக்கொன்று காந்தமும் தலைகீழ், சுற்றும் தலைகீழ். கம்பியின் ஒலி இரண்டிலும் சேர்ந்து கூடும், வெளி உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

நம்ம பாஷையில் சொன்னால் ஈடுசெய் பிழை! ஒரு பக்கம் ஐநூறு கூடுதல், இன்னொரு பக்கமும் ஐநூறு கூடுதல், இருப்பாய்வு டேலி. கணக்கில் அது ஆபத்து. லவர் அதையே வேண்டுமென்று செய்து வரம் ஆக்கிவிட்டார்.

ஆனால் கவனியுங்கள். ஹம்பக்கர் நீக்குவது பிக்கப் பிடிக்கிற காந்த உறுமலை மட்டும். கிரவுண்டு லூப்பை அது தொடாது. அறுந்த ஷீல்டை ஒட்டாது. காய்ந்த கண்டன்சருக்கு உயிர் கொடுக்காது. நான் எட்டாயிரம் கொடுத்து மாற்றியிருந்தால், எங்கள் உறுமலில் பெரும்பகுதி "வணக்கம்" சொல்லிக்கொண்டு அப்படியே நின்றிருக்கும். கிடாருக்குள் செம்பு டேப் ஒட்டுவதும் இதே கதைதான். ரெகுலேட்டர் மாதிரியானவை கிளப்புகிற "கிர்ர்" சத்தத்துக்கு நன்றாக வேலை செய்யும், 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலம் அதைச் சட்டை செய்யாமல் ஊடுருவிப் போகும். கடைக்கார அண்ணனைக் குறை சொல்லவில்லை. அவரிடம் நான் கேட்டது "என்ன வாங்கலாம்" என்று. "எங்கே தப்பு" என்று கேட்கவில்லையே. மருந்துக் கடையில் போய் நோய் என்ன என்று கேட்டால் மாத்திரைதானே கொடுப்பார்கள்?

இனி நான் சண்டை போடுகிற இடம்

"எல்லாரும்தான் எர்த்தைக் கழட்டுறாங்க, இருபது வருஷமா ஒண்ணும் ஆகலையே." இந்த வாதத்தை இப்போதும் கேட்கிறேன். எங்களுக்கும் மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. வண்டி மோதாத வருஷமெல்லாம் இன்சூரன்ஸ் பணம் வீண் என்று நினைப்பவன் காமர்ஸ் படித்தவனாக இருக்க முடியாது. நடக்கிற வாய்ப்பு குறைவு என்பது பாதிக் கணக்கு. நடந்தால் என்ன போகும் என்பது மீதிக் கணக்கு.

போனவர்கள் இருக்கிறார்கள். ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்ஸீயில், மேடையிலேயே, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப், 1976-இல் தன் வீட்டிலேயே, எர்த் சரியில்லாத கருவியோடு கிடார் வாசிக்கும்போது இறந்தார். இருவரும் புதுசாகக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் இல்லை. அதே மைக், அதே கிடார் கம்பி, என் நண்பனின் அதே உதடு. வித்தியாசம் கரண்டின் அளவு மட்டும்தான்.

"எம்.சி.பி. இருக்கே, ட்ரிப் ஆகிடுமே" என்பார்கள். அது விழுவதற்குப் பல ஆம்பியர் வேண்டும். மனிதன் விழுவதற்கு சில பத்து மில்லி ஆம்பியர் போதும். எர்த் வயர் இருந்தால்தான் கோளாறு வந்ததும் பெரிய கரண்ட் ஓடி எம்.சி.பி. விழும். நம்ம மூன்று பின் ப்ளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளமாக, தடியாக இருக்கிறது? செருகும்போது அது முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாகப் பிரிய வேண்டும். ப்ளக் செய்தவன் கொடுத்த முதல் மரியாதையை நாம் கட்டிங் பிளேயரால் எடுக்கிறோம்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. டி.ஐ. பாக்ஸில் "கிரவுண்டு லிஃப்ட்" என்று ஒரு சுவிட்ச் இருக்கும். "பாத்தியா, கம்பெனிக்காரனே எர்த்தைக் கழட்டச் சொல்றான்" என்பார்கள். அந்த சுவிட்ச் பிரிப்பது ஒலிக் கேபிளின் ஷீல்டை மட்டும். கரண்ட் ப்ளக்கின் எர்த்தை அது தொடுவதே இல்லை. வளையத்தை வெட்ட வேண்டியது ஒலிப் பக்கத்தில். கரண்ட் பக்கத்தில் இல்லை. இந்தப் பதிவில் ஒரே ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் கணக்கு

ட்ரான்ஸ்ஃபார்மர் 900, டி.ஐ. பாக்ஸ் 1,200, ப்ளக் 60, ஈயம் நண்பனிடம் ஓசி. மொத்தம் 2,160 ரூபாய். பிக்கப்பும் பெடலும் வாங்கியிருந்தால் 13,000. அப்போதும் கசிகிற ட்ரான்ஸ்ஃபார்மர் கசிந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

உறுமல் முழுசாகப் போய்விட்டதா? இல்லை. சிங்கிள் காயிலுக்கே உரிய ஒரு சின்ன "ம்ம்" இன்னும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். அது எங்கிருந்து வருகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். தெரியாத உறுமல்தான் பயம்.

பாடுகிற நண்பன் இப்போதும் மைக்கில் வாயை வைப்பதற்கு முன் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்க்கிறான். நான் ப்ளக்கைக் காட்டித் தலையாட்டின பிறகுதான் பாட ஆரம்பிக்கிறான்.

பி.கு. 1: ஆம்ப்பைத் திறக்காதீங்க. வால்வ் ஆம்ப் என்றால் ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கண்டன்சரில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பி.கு. 2: வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். சுவரில் எர்த் ஓட்டை இருப்பதும், அதற்குப் பின்னால் உண்மையிலேயே எர்த் இருப்பதும் ஒன்றல்ல. அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பி.கு. 3: உங்கள் ரூமில் உறுமல் எங்கே மாட்டியது என்று எழுதுங்க. யாராவது "வெட்டிடு மச்சி" என்று யோசனை சொன்னால், அவர் வீட்டு அட்ரஸ் கொடுங்க, என் நண்பனை அனுப்பி வைக்கிறேன்!